மேஸ்திரியின் வலது கை

ஒரு கையால் சட்டைப் பொத்தான் போடுவது அப்படியொன்றும் கஷ்டமான காரியம் இல்லை, சார். கீழ்ப் பொத்தானிலிருந்து ஆரம்பிக்க வேண்டும், அவ்வளவுதான். மேலிருந்து ஆரம்பிப்பவர்கள் பாதி வழியில் மாட்டிக்கொண்டு, முகம் கறுத்து, கடைசியில் அழுதுவிடுவார்கள். ஒரு ஆபீஸையே அதட்டி வைத்திருந்தவர்கள் பொத்தான் ஓட்டைக்கு முன்னால் குழந்தையாகி உட்கார்ந்திருப்பதை நான் பார்த்திருக்கிறேன். அந்த நேரத்தில் பக்கத்தில் நிற்கும் நர்ஸ் என்ன செய்ய வேண்டும் தெரியுமா? ஒன்றும் செய்யக் கூடாது. கையைப் பின்னால் கட்டிக்கொண்டு நிற்க வேண்டும்.

எங்கள் ஆஸ்பத்திரி அப்படிப்பட்டது. பக்கவாதம் வந்தவர்கள், விபத்தில் முதுகெலும்பு முறிந்தவர்கள், மறுபடி உட்காரவும் நிற்கவும் நடக்கவும் பழகுகிற இடம். மற்ற ஆஸ்பத்திரிகளில் ஓடி ஓடி உதவி செய்தால் நல்ல நர்ஸ். இங்கே உதவி செய்தால் கெட்ட நர்ஸ். நோயாளியால் முடிகிற எதையும் நாம் செய்து கொடுக்கக் கூடாது. பார்க்க வருகிறவர்களுக்கு இது புரியாது. தகப்பனார் தரையெல்லாம் தண்ணீரைச் சிந்திக்கொண்டு டம்ளரோடு போராடுவதைப் பார்த்து ஒரு மகள் என்னிடம், "நீங்கள்லாம் மனுஷங்கதானா?" என்று கேட்டிருக்கிறாள். அதே தகப்பனார் தானாகவே தண்ணீர் குடித்துவிட்டு வீட்டுக்குப் போன நாளில் அவள் என் பக்கம் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

இதை முதலில் சொல்லக் காரணம் இருக்கிறது. இது தெரியாவிட்டால் நான் செய்தது என்னவென்று உங்களுக்குப் புரியாது. நான் மேஸ்திரியை அடிக்கவில்லை. பட்டினி போடவில்லை. மருந்தை மாற்றிக் கொடுக்கவில்லை. நான் அவருக்கு உதவி செய்தேன்.

மேஸ்திரி என்பது வார்டில் வைத்த பெயர். கட்டட வேலையில் மேஸ்திரியாக இருந்தவர். பக்கவாதம் அவருடைய வலது பக்கத்தை எடுத்துக்கொண்டு போனது. பேச்சையும் கூடவே எடுத்துக்கொண்டது. மிச்சம் வைத்தது இரண்டே வார்த்தை. "வெளியே போ." தண்ணீர் வேண்டுமென்றாலும் வெளியே போ, வலித்தாலும் வெளியே போ, யாராவது காலை வணக்கம் சொன்னாலும் வெளியே போ. பேச்சுப் பயிற்சி கொடுக்கும் பெண்ணை நாங்கள் பேச்சு டீச்சர் என்போம். அவள் எங்களுக்கு விளக்கினாள்: "சில பேருக்கு ஒரு வார்த்தை மட்டும் தொண்டையில சிக்கிக்கும் சிஸ்டர். கீழே விழறப்ப கடைசியா பேசினதாகூட இருக்கும். அதை வெச்சுத்தான் எல்லாத்தையும் சொல்வாங்க. கோவிச்சுக்காதீங்க." யாரும் கோவித்துக்கொள்ளவில்லை. பெரிய டாக்டர் காலையில் சுற்றி வரும்போது, "என்ன மேஸ்திரி, நான் போகட்டுமா?" என்பார். "வெளியே போ," என்பார் மேஸ்திரி. கூட வருகிறவர்கள் எல்லோரும் சிரிப்பார்கள். இந்த ஆஸ்பத்திரியில் உண்மையைப் பேசுகிற ஒரே ஆள் இவர்தான் என்பாள் தரை துடைக்கும் ஆயாம்மா.

வார்த்தை பத்தாத இடத்தில் அவர் இடது கை விரலைச் சொடுக்குவார். தண்ணீருக்கு ஒரு சொடுக்கு, மூத்திரப் பாத்திரத்துக்கு ஒரு சொடுக்கு. பேச்சு டீச்சர் அதைப் பெரிய முன்னேற்றம் என்று கைதட்டினாள். ஓட்டலில்கூட இப்போது யாரும் யாரையும் சொடுக்கிக் கூப்பிடுவதில்லை. எனக்கு அது பிடிக்கவில்லைதான். ஆனால் அது காரணம் இல்லை. தயவுசெய்து அதைக் காரணமாக எழுதிக்கொள்ளாதீர்கள்.

காரணம் அவருடைய மனைவி.

சின்ன உருவம். வெயில் கொளுத்துகிற நாளிலும் ஒரு சாம்பல் நிற ஸ்வெட்டர். வார்டுக் கதவு திறக்கும்போதே வாசலில் நிற்பாள். நேரம் முடிந்து, மணி அடித்து, நாங்கள் முகம் சுளித்த பிறகுதான் கிளம்புவாள். வந்த புதிதில் எலும்பும் தோலுமாக இருந்தாள். எங்கள் வார்டுக்கு வருகிற குடும்பத்தினர் நாளாக நாளாக வாடிப்போவார்கள். இவள் மட்டும் தேறினாள். கன்னத்தில் சதை வைத்தது. நாற்காலியில் உட்கார்ந்தபடியே வாயைத் திறந்துகொண்டு அப்படியொரு தூக்கம் தூங்குவாள். ஒருநாள் எழுப்பியபோது வெட்கப்பட்டுக்கொண்டு, "இங்க வந்தாத்தான் சிஸ்டர் தூக்கமே வருது," என்றாள்.

நான் அதை அப்படியே மனதில் போட்டு வைத்தேன். புருஷன் படுக்கையில் விழுந்த பிறகுதான் ஒரு பெண்ணுக்குத் தூக்கம் வருகிறதென்றால், அதற்கு முன்னால் அவளைத் தூங்கவிடாமல் வைத்திருந்தது யார்? நீங்களே சொல்லுங்கள். எந்தப் பெண்ணும் என் இடத்தில் இருந்தால் அப்படித்தான் யோசித்திருப்பாள்.

அவரைக் குளிப்பாட்டுவது எப்படி என்று அவளுக்குச் சொல்லிக்கொடுத்த நாளில் ஸ்வெட்டர் கையை மடித்துவிடச் சொன்னேன். தயங்கினாள். நானே மடித்துவிட்டேன். இடது மேல்கையில் தடம் இருந்தது. முன்பக்கம் ஒரு பெருவிரல், பின்பக்கம் நான்கு விரல். ஆட்களைத் தூக்கி உட்காரவைத்து, பிடித்து நடத்தியே பிழைக்கிறவள் நான். எந்தக் கை எப்படிப் பிடித்தால் தோலில் என்ன விழும் என்று எனக்கு நன்றாகத் தெரியும். எதிரே நின்று வலது கையால் பிடித்து உலுக்கினால்தான் அப்படி விழும். வாஷ்பேசினுக்கு மேலிருந்த கண்ணாடியில் அவளும் நானும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டோம். "கதவுல இடிச்சிக்கிட்டேன்," என்றாள். நான் ஒன்றும் கேட்கவே இல்லை. மேஸ்திரி சக்கர நாற்காலியில் உட்கார்ந்து எங்களைப் பார்த்துக்கொண்டிருந்தார். அவருடைய வலது கை மடியில் ஈரத்துணி மாதிரி கிடந்தது. இந்தக் கைதான், என்று நினைத்துக்கொண்டேன்.

அந்தக் கை எழுந்த நாளைச் சொல்கிறேன்.

பயிற்சிக் கூடத்தில் எல்லோரும் இருந்தோம். மனைவி குனிந்து அவருடைய வாயோரத்து எச்சிலைத் துடைத்துக்கொண்டிருந்தாள். திடீரென்று அவருடைய வலது கை மடியை விட்டு மேலே வந்தது. நடுங்கி நடுங்கி, தண்ணீருக்குள்ளிருந்து ஏதோ எழுந்து வருவது மாதிரி வந்தது. விரல்கள் வளைந்து அவளுடைய ஸ்வெட்டர் கையைக் கொக்கி போட்டுப் பிடித்தன. பிசியோ தம்பி, அதாவது கைகால் பயிற்சி கொடுக்கும் பையன், வேலையில் சேர்ந்ததிலிருந்து இந்த நாளுக்காகவே காத்திருந்தவன் மாதிரி கத்தினான். பேச்சு டீச்சர் கைதட்டினாள். பக்கத்துக் கட்டிலில் கால் பயிற்சி செய்துகொண்டிருந்த ஆள்கூட விசிலடித்தார்.

நான் அவளைப் பார்த்தேன். அவள் சட்டென்று பின்வாங்கி, மறுகையால் முகத்தை மறைத்துக்கொண்டிருந்தாள். ஒரு விநாடிதான். பிறகு கையை இறக்கிவிட்டு எல்லோரோடும் சேர்ந்து சிரித்தாள். இத்தனை பேர் நிற்கிற அந்தக் கூடத்தில் அதைப் பார்த்தது நான் ஒருத்திதான். ஒரு கை திரும்ப வந்துவிட்டது என்று எல்லோருக்கும் சந்தோஷம். அது எங்கே போகும், யார் மேல் விழும் என்று கேட்க ஒருவருக்கும் தோன்றவில்லை.

இத்தனை வருஷமாக இதைத்தான் செய்துகொண்டிருக்கிறோம், சார். படுத்தவனை எழுப்பி, கைக்கு உயிர் கொடுத்து, காலுக்கு உயிர் கொடுத்து, கைதட்டி வீட்டுக்கு அனுப்புகிறோம். கதவு சாத்திய பிறகு அந்தக் கை என்ன செய்கிறது என்று ஒருமுறையாவது யோசித்திருக்கிறோமா? துப்பாக்கியைப் பழுது பார்த்துக் கொடுக்கிறவன்கூட எதற்கென்று ஒரு வார்த்தை கேட்பான்.

உடனே நானாக எதையும் செய்துவிடவில்லை. முறைப்படிதான் போனேன். வாரத்துக்கு ஒருமுறை எங்கள் குழுக் கூட்டம் நடக்கும். பெரிய டாக்டர், பிசியோ தம்பி, பேச்சு டீச்சர், குடும்பங்களோடு பேசுவதற்கென்று ஒரு சமூகப் பணியாளர், நான். குழுவில் எல்லோரும் சமம். சுவரில் படமே மாட்டியிருக்கிறது, வட்டமாகக் கைகோத்து நிற்கிற மாதிரி. நர்ஸின் முறை கடைசியில் வரும். அதற்குள் டீ ஆறியிருக்கும். பெரிய டாக்டர் பேனாவைச் சட்டைப் பையில் சொருகியிருப்பார். என்னிடம் கேட்பதெல்லாம் மலம் போனதா, மூத்திரம் போகிறதா, முதுகில் புண் இருக்கிறதா. அன்று நான் அவற்றைச் சொல்லிவிட்டு உட்காரவில்லை.

"டாக்டர், அந்த அம்மா அவரைப் பார்த்துப் பயப்படறாங்க."

"பக்கவாதம்னா யாருக்குத்தான் பயம் இல்ல சிஸ்டர்?"

"நோயைப் பார்த்து இல்ல. கையைப் பார்த்து."

பிசியோ தம்பி சிரித்துவிட்டான். "நான் உயிரைக் கொடுத்து வரவெச்ச கை. நீங்க அது மேல கேஸ் போடறீங்களே சிஸ்டரம்மா."

எல்லோரும் சிரித்தார்கள். சமூகப் பணியாளர் மட்டும் விசாரிக்கிறேன் என்றாள். விசாரித்தாள். நடைபாதையில் நிறுத்தி, மகனைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு, வீட்டில் எல்லாம் நல்லபடியாகத்தானே இருக்கிறது என்று கேட்டாள். இருக்கிறது என்று அந்த அம்மா சொல்லிவிட்டாள். அடுத்த கூட்டத்தில், குடும்பச் சூழ்நிலை திருப்தி என்றார்கள். யாருக்குத் திருப்தி என்று நான் கேட்கவில்லை. காலி டீ டம்ளர்களை அடுக்கி எடுத்துக்கொண்டு வெளியே வந்தேன். அதுவும் நர்ஸின் வேலைதான், யாரும் சொல்லாவிட்டாலும்.

மகனைப் பற்றி இப்போதே சொல்லிவிடுகிறேன். வாட்டசாட்டமான ஆள். விடுமுறை நாளில் வருவான். கை நிறையப் பழம், வார்டில் எல்லோருக்கும் ஒரு சிரிப்பு. கதவைத் தாங்கிப் பிடித்து ஆயாம்மாவை முதலில் போகச் சொல்லுவான். "சிஸ்டர், நீங்க இல்லன்னா அப்பா இவ்வளவு தூரம் வந்திருக்க மாட்டார்," என்று என்னிடம் சொன்ன ஒரே ஆள் அவன்தான். பதவியில் இருக்கிறவர்கள் ஒருவரும் சொல்லாததை அவன் சொன்னான். பிள்ளையென்றால் இப்படி இருக்க வேண்டும் என்று ஆயாம்மாவிடம் நானே சொல்லியிருக்கிறேன்.

அவன் வருகிற நாட்களில் மேஸ்திரி, "வெளியே போ, வெளியே போ," என்று ஓயாமல் சொல்லிக்கொண்டிருப்பார். இப்படிப்பட்ட மகனையும் விரட்டுகிறாரே, எப்பேர்ப்பட்ட மனுஷன் என்று எனக்கு அருவருப்பாக இருந்தது.

இனி நான் செய்தது.

ஒரு நாளில் பிசியோவின் பங்கு அரை மணி நேரம். மீதி நேரமெல்லாம் நர்ஸினுடையது. இதை யாரும் ஒத்துக்கொள்ள மாட்டார்கள், ஆனால் கை வருவதும் வராமல் போவதும் அந்த மீதி நேரத்தில்தான். சீப்பை அந்தக் கையில் கொடுக்க வேண்டும். டம்ளரை அந்தப் பக்கம் வைக்க வேண்டும். முகம் துடைக்கிற துண்டை அந்தக் கையில் திணித்துவிட்டு, நம் கையைப் பின்னால் கட்டிக்கொண்டு காத்திருக்க வேண்டும். ஒரு கையைக் கெடுப்பதற்கு அதை ஒன்றும் செய்ய வேண்டியதில்லை. வேலை கொடுக்காமல் விட்டால் போதும். தான் இருப்பதையே அது மறந்துவிடும்.

நான் அவருக்கு ஊட்டினேன். தலை வாரினேன். பொத்தான் போட்டுவிட்டேன். வலது கையைப் போர்வைக்குள் பத்திரமாக வைத்து மூடினேன். எது வேண்டுமென்றாலும் இடது கைக்கு எட்டுகிற மாதிரி வைத்தேன். தூங்கும்போது விரல்கள் சுருண்டுவிடாமல் இருக்க உள்ளங்கையில் ஸ்பிளின்ட் என்று ஒரு தகடு வைத்துக் கட்டுவோம். அதைக் கட்டுகிற பொறுப்பை நானே கேட்டு வாங்கிக்கொண்டேன். ஒவ்வொரு முறையும் அது சரியாகத்தான் கட்டியிருக்கும், யாராவது பார்த்துக்கொண்டிருக்கிற வரைக்கும். அவர்கள் போனதும் அவிழ்த்துவிடுவேன். பார்க்க வந்த குடும்பத்தினர் எல்லோரும் என்னைத்தான் புகழ்ந்தார்கள். பெற்ற மகள்கூட இப்படிப் பார்க்க மாட்டாள் என்றார்கள். என் வேலைக்காலத்தில் எனக்கு அவ்வளவு நல்ல பெயர் வாங்கிக் கொடுத்தது அந்தக் காரியம்தான்.

அது மட்டும் போதவில்லை. கை பிடிவாதமாக வந்துகொண்டே இருந்தது. செங்கல் பிடித்த கை அல்லவா. ஆகவே தோள்.

பக்கவாதம் வந்த ஆளைத் திருப்பும்போது, தூக்கும்போது, அந்தப் பக்கத்துக் கையைப் பிடித்து இழுக்கவே கூடாது. எங்கள் வார்டில் வேலைக்குச் சேர்கிற ஒவ்வொருவருக்கும் முதல் நாளே நான் சொல்லிக்கொடுக்கிற பாடம் இது. தோளில் தசை செத்திருக்கும். மூட்டு கழன்று தொங்கும். ஒருமுறை இழுத்தால் வலி வந்துவிடும், வலி வந்தால் அவர்கள் கையைத் தொடவே விடமாட்டார்கள், கை வீங்கிக் கல்லாகிவிடும். நான் திரைச்சீலையை இழுத்து மூடிவிட்டு, அவரைத் திருப்புகிற சாக்கில் அந்தக் கையைப் பிடித்து இழுத்தேன். ஓங்கி இல்லை. அவசரத்தில் யாருக்கும் தவறிவிடக்கூடிய அளவுக்குத்தான். மறுநாளும் இழுத்தேன். பிறகு தேவைப்பட்டபோதெல்லாம்.

அவருக்குத் தெரியும். வார்டில் அது தெரிந்த ஒரே ஆள் அவர்தான். நான் கட்டிலுக்குப் பக்கத்தில் போனாலே கண்ணில் தண்ணீர் முட்டும், "வெளியே போ," என்பார். பெரிய டாக்டரைப் பார்த்து, இடது கையால் என்னைக் காட்டி, "வெளியே போ, வெளியே போ," என்பார். டாக்டர் சிரித்துக்கொண்டே, "சிஸ்டரை விரட்டாதீங்க மேஸ்திரி, அப்புறம் உங்களை யார் பார்ப்பா?" என்பார். எல்லோரும் சிரிப்பார்கள். நானும் சிரித்தேன். பொண்டாட்டியிடம் காட்ட முடியாத கோபத்தை உன்னிடம் காட்டுகிறார் என்று ஆயாம்மா என் தோளைத் தட்டினாள்.

கை வீங்கியது. விரல்கள் சுருண்டன. பிசியோ தம்பி தொட்டால் அவர் அலறினார். அவன் என்னென்னவோ செய்து பார்த்தான்; எங்கே தப்பு செய்தோம் என்று தெரியாமல் ஒருநாள் சாமான் அறையில் உட்கார்ந்து அழுதான். எனக்கு இந்த வேலையே ஒத்துவராதோ சிஸ்டரம்மா என்று கேட்டான். நான் அவனுக்கு டீ வாங்கிக் கொடுத்தேன். சில கைகள் அப்படித்தான் தம்பி, நம்ம கையில் ஒன்றும் இல்லை என்று சொன்னேன். என்னை மாதிரி ஒருத்தி பக்கத்தில் இருப்பது பெரிய ஆறுதல் என்றான்.

நடுவில் ஒருநாள் அந்த அம்மாவின் ஸ்வெட்டர் கை மறுபடி ஒதுங்கியது. முழங்கைக்கு மேலே அதே மாதிரித் தடம். சுற்றி ஆட்கள் இருந்தார்கள். நான் போய் அதை இறக்கிவிட்டேன். அவளுடைய மானத்தைக் காப்பாற்ற.

கை வராது என்று முடிவான நாளில், அதை மகனிடம் சொல்கிற வேலையைப் பெரிய டாக்டர் என்னிடம் தள்ளிவிட்டார். கெட்ட செய்தி நர்ஸுக்கு, நல்ல செய்தி டாக்டருக்கு. அது எழுதாத விதி. மகன் ஜன்னல் ஓரமாக நின்று கேட்டுக்கொண்டான்.

"பழையபடி வரவே வராதா சிஸ்டர்? கொஞ்சம்கூட?"

"வராதுப்பா."

நீளமாக மூச்சு விட்டான். மனதைத் தேற்றிக்கொள்கிறான் என்று நினைத்தேன். பையிலிருந்து ஒரு ஆப்பிளை எடுத்து என் கையில் வைத்து, "நீங்க செஞ்சதுக்கு ரொம்ப நன்றி," என்றான். வீட்டுக்குப் போகும்போது சக்கர நாற்காலியை அவன்தான் தள்ளிக்கொண்டு போனான். வாசலைத் தாண்டுகிற வரை "வெளியே போ" என்று கேட்டுக்கொண்டே இருந்தது. அன்று நான் நிம்மதியாக இருந்தேன். அதை மறைக்க மாட்டேன். வாழ்க்கையில் முதல்முறையாக நானே ஒரு முடிவெடுத்து, அதை யாருடைய கையெழுத்துக்கும் காத்திருக்காமல் நடத்திக் காட்டியிருக்கிறேன் என்று இருந்தது.

சில மாதம் கழித்து மறுபரிசோதனைக்கு வந்தார்கள். மேஸ்திரியின் வலது கை நெஞ்சோடு ஒட்டி, முஷ்டியாக இறுகியிருந்தது. அந்த அம்மா மறுபடி எலும்பும் தோலுமாகியிருந்தாள். அதே ஸ்வெட்டர். கீழுதடு ஓரமாகப் பிளந்து காய்ந்திருந்தது. இடது கையால் அடிக்கிறாரா என்றுதான் முதலில் நினைத்தேன். அந்த அளவுக்கு நான் என் கணக்கில் உறுதியாக இருந்தேன். பெண்கள் கழிப்பறையில் அவள் முகம் கழுவிக்கொண்டிருந்தபோது பக்கத்தில் போய் நின்றேன். யாரிடமாவது சொல்ல வேண்டும் போலிருந்தது. அவளுக்காகச் செய்ததை அவளாவது தெரிந்துகொள்ள வேண்டும் என்று இருந்தது.

"இனிமே அந்த வலது கை உங்க மேல விழாதும்மா," என்றேன். "நான் பாத்துக்கிட்டேன்."

குழாயை மூடினாள். "எந்தக் கை?"

சொன்னேன். எல்லாவற்றையும் அல்ல, அவளுக்குப் புரிகிற அளவுக்கு. ஸ்பிளின்ட், தோள், எல்லாம் அவள் நன்மைக்குத்தான் என்பது. அவள் என் வாயையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"அவரா?" என்றாள். "அவரு என்னைக்குச் சிஸ்டர் என்னை அடிச்சாரு? அவரு ஒருத்தர்தான குறுக்க வந்து நிப்பாரு."

மகனை அவள் பெயர் சொல்லிக்கூடச் சொல்லவில்லை. 'அவன்' என்றாள். அவன் குடித்தாலும் அடிப்பான், குடிக்காவிட்டாலும் அடிப்பான். பக்கவாதம் வந்த அன்றும் அவளைப் பிடித்து உலுக்கிக்கொண்டிருந்தான். அப்பா நடுவில் போய் அவன் நெஞ்சில் கையை வைத்துத் தள்ளி, வெளியே போ, வெளியே போ என்று கத்திக்கொண்டே கீழே விழுந்தார். அத்தோடு பேச்சு போனது.

"ஆஸ்பத்திரிக்கு வந்துட்டா பகல்ல தூங்கலாம். அவருக்குக் கை வந்துட்டா ராத்திரியும் தூங்கலாம்னு நினைச்சிக்கிட்டு இருந்தேன்."

அன்றைக்கு உங்கள் முகத்தை மறைத்தீர்களே என்று கேட்டேன். என் குரல் அப்போது சத்தமாக இருந்ததென்று நினைக்கிறேன்.

"யாரு கையைத் தூக்கினாலும் நான் அப்படித்தான் சிஸ்டர். பழகிப்போச்சு. அவரு என் கையில தடம் இருக்கான்னு பாக்கத்தான் ஸ்வெட்டரை ஒதுக்கினாரு. முத முத கை வந்ததும் அதுக்குத்தான் தூக்கினாரு."

அதன் பிறகு நடந்தது உங்களுக்குத் தெரியும். அவள் நேராகப் பெரிய டாக்டரின் அறைக்குப் போனாள். வாழ்க்கையில் யார் மேலும் ஒரு புகார் சொல்லாதவள், கதவைத் தட்டாமல் உள்ளே போய் என்னைப் பற்றிச் சொன்னாள். மகனைப் பற்றி அங்கேயும் சொல்லவில்லை. பெற்ற பிள்ளை. அவன் வெளியே பெஞ்சில் உட்கார்ந்து போனைப் பார்த்துக்கொண்டிருந்தான். பிறகு அவன்தான் ஆஸ்பத்திரி மேல் வழக்குப் போடப் போவதாகச் சொன்னானாம். உங்களை இங்கே உட்கார வைத்திருப்பதும் அந்த மிரட்டல்தான் என்று நினைக்கிறேன். ஒரு கைக்காக என்னை விசாரிக்கிறீர்கள், சார். அவனுடைய இரண்டு கையும் இன்று சாயங்காலமும் வீட்டுக்குத்தான் போகும். இந்தக் கோபத்தையும் பதிவு செய்துகொள்ளுங்கள். போன் ஓடிக்கொண்டுதானே இருக்கிறது.

தெரிந்து செய்தாயா என்று காலையிலிருந்து சுற்றிச் சுற்றிக் கேட்கிறீர்கள். கையைக் கெடுத்தது தெரிந்துதான். அவர் நல்லவர் என்பது மட்டும் தெரியாது. இதுவரை நான் எல்லோரிடமும் சொல்லிவந்தது இதுதான். தண்ணீர் கொஞ்சம் கொடுங்கள்.

அந்த ஸ்வெட்டரைப் பற்றிச் சொன்னேன் அல்லவா, இறக்கிவிட்டேன் என்று. தோலைப் பார்ப்பது எங்கள் தொழில். முதுகைப் பார்த்து, குதிகாலைப் பார்த்து, இது இன்றையது, இது போன வாரத்தது என்று கண்ணை மூடிக்கொண்டு சொல்வோம். புதுக் காயம் ஊதா. பிறகு பச்சை, பிறகு மஞ்சள், பிறகு ஒன்றும் இருக்காது. மேஸ்திரி அப்போது எங்கள் வார்டில் பல வாரங்களாகப் படுத்திருந்தார். அவருடைய வலது கையால் ஒரு கரண்டியைக்கூடப் பிடிக்க முடியாது. அந்த அம்மாவின் கையில் இருந்த தடம் வலது கைத் தடம். அதன் நிறம் ஊதா.

முதல் முறை பார்த்ததும் ஊதாதான். வலது கை என்பதை மட்டும் எடுத்துக்கொண்டேன். நிறத்தை அங்கேயே விட்டுவிட்டேன். இரண்டாவது முறை விட முடியவில்லை. அன்று காலையில்தான் அவருடைய தோளைப் பிடித்து இழுத்திருந்தேன். அந்த நிறத்தை ஒத்துக்கொண்டால், காலையில் நான் செய்தது என்னவாகும்? அதனால் இறக்கிவிட்டேன். வேறு எந்த நர்ஸாவது பார்த்துவிடுவதற்குள்.

நிமிர்ந்தபோது வாசலில் மகன் பழப் பையோடு நின்றுகொண்டிருந்தான். என்னைப் பார்த்துச் சிரித்தான். அவன் கையைப் பார்த்தேன். பெரிய கை. எனக்கு எல்லாம் அந்த இடத்திலேயே புரிந்துவிட்டது, சார். நானும் சிரித்தேன். திரும்பி நடந்தேன். உள்ளே இருந்த கோபம் கொஞ்சமும் குறையவில்லை. எங்கேயாவது இறக்கி வைத்தே ஆக வேண்டும். கட்டிலிலிருந்து மேஸ்திரி என்னைப் பார்த்து விரலைச் சொடுக்கினார். திரைச்சீலையை இழுத்து மூடினேன்.

மகன் நின்றுகொண்டிருந்தான். அவர் படுத்திருந்தார். என் கைக்கு எட்டியவர் அவர்தான்.